உப்பு போன வழி

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டுக்குக் கருநீலம் ஏற்ற ஒரு பெரிய கைப்பிடி உப்பு வேண்டும். கணக்கு லேசானதுதான். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அடர்ந்த ஷேடு என்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு போடுவார்கள். ஆக ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு. அந்த ஒரு கிலோவில் ஐந்தாறு டி-ஷர்ட் தைக்கலாம். 500 கிலோ துணி ஏற்றினால் உப்பு மட்டும் 240 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை கிட்டத்தட்ட ஐந்தைப் பிரித்துக் கொட்டினால்தான் அந்த ஒரு லாட் முடியும்.

பருத்தி தண்ணீரில் நனைந்ததும் லேசாக எதிர்மின்னேற்றம் கொள்கிறது. சாயமும் அதே ஏற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பு புகுந்தால் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் இழையை நெருங்கிப் படியும். பிறகு சோடா போட்டால் சாயம் இழையோடு பிணைந்துகொள்ளும். சாய மாஸ்டர் உப்பை ஒரே தடவையில் கொட்டுவதில்லை. முதலில் பத்தில் ஒரு பங்கு, சிறிது நேரம் கழித்து மூன்று பங்கு, கடைசியில் மிச்சம் ஆறு பங்கு. அவசரப்பட்டு மொத்தத்தையும் போட்டால் துணி திட்டுத்திட்டாக வரும், லாட் முழுக்க வீண். இத்தனை பக்குவமாகப் போடப்படும் உப்பில் துணியோடு தங்குவது ஏதுமில்லை. அலசும் தண்ணீரோடு போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுகிறது.

இந்த வேலைக்கு இரண்டு உப்புகள் உண்டு. ஒன்று நாம் சாப்பிடும் உப்பேதான். மற்றது கிளாபர் சால்ட், அதாவது சோடியம் சல்பேட். பதினேழாம் நூற்றாண்டில் யோஹான் கிளாபர் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்து, அற்புத உப்பு என்று பெயர் சூட்டினார். அந்தக் காலத்தில் அதன் பெரிய அற்புதம் பேதிக்குக் கொடுப்பதுதான். விஸ்கோஸ் நூல் செய்யும் ஆலைகளில் அது துணைப்பொருளாகவே கிடைக்கும். சாயத் தொழிலில் அது மூட்டை மூட்டையாகப் போகத் தொடங்கியதற்கு, 1956-ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்கள் பெரிய காரணம். பளிச்சென்று இருக்கும், துவைத்தால் போகாது, பருத்திக்கு ஏற்றது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பின்னலாடை அனுப்பும் ஊர் வேறு எந்தச் சாயத்தை நாடும்?

தொழிலில் அந்த உப்புக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்த்தால்தான் பிற்பாடு நடந்தது புரியும். திருப்பூரில் பெரும்பாலான சாயப்பட்டறைகள் ஜாப் ஒர்க்கில் ஓடுபவை. துணி ஏற்றுமதியாளருடையது. ஷேடைத் தீர்மானிப்பவர் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர். பட்டறைக்காரருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இந்தத் தெருவில் ஒருவர் ஒரு ரூபாய் ஏற்றினால் அடுத்த தெருப் பட்டறை அந்த லாட்டை எடுத்துக்கொள்ளும். உப்பை வாங்கும் செலவு கூலிக் கணக்கில் இருந்தது. பயன்பட்ட உப்பை அப்புறப்படுத்தும் செலவு ஒருவர் கணக்கிலும் இல்லை. சாக்கடைக்குப் போய் அங்கிருந்து நொய்யலுக்குப் போனது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசனம் பெறும் என்று கட்டிய அணை. பின்னலாடைத் தொழில் வேகமெடுத்ததும் அதே பத்தாண்டில்தான். அணை தேக்கி வைத்தது சாயக் கழிவு. உப்புத்தண்ணீர் கீழே இறங்கிக் கிணறுகளில் ஊறியது. மண் இறுகியது, தென்னை வாடியது, மாடு குடிக்க மறுத்தது. அணை வேண்டுமென்று மனுக் கொடுக்கும் விவசாயிகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இங்கே அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள்.

வழக்குகள் வந்தன. 1990களின் பின்பாதியில் பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுச் சாயத்தை அடியில் படியவைக்கும் முறை. கறுப்பாகப் போன தண்ணீர் ஏறக்குறைய நிறமில்லாமல் வந்தது. ஆனால் உப்பு கண்ணுக்குத் தெரியாது. கரைந்திருக்கும் உப்பை இந்த முறை தொடவே இல்லை. ஆற்றில் விட வேண்டுமானால் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திடப்பொருள் இருக்கக் கூடாது என்பது விதி. சாயத் தண்ணீரில் ஆறாயிரம், ஏழாயிரம் என்று இருக்கும். போதாததற்குச் சேறு வேறு மலையாகக் குவிந்தது. நிறத்தைப் பார்த்துத்தான் ஊர் புகார் சொன்னது, ஆகவே நிறத்தை எடுத்தார்கள். நல்ல பொறியாளர்கள் இருந்த தொழில், பிரச்சினை எது என்பதிலேயே தவறியது.

இதே ஊர் இன்னொரு காரியத்தைக் கூட்டாக அழகாகச் செய்து காட்டியது. சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும். திருப்பூர் நிலத்தடி நீர் உப்பேறியதும் லாரிகள் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து தண்ணீர் அள்ளிவந்தன. ஏற்றுமதியாளர்கள், அரசு, நிதி நிறுவனம் எல்லோரும் சேர்ந்து தனி நிறுவனம் அமைத்து, பவானிப் பகுதியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் குழாய்த் திட்டத்தை 2000களின் நடுவில் ஓடவிட்டார்கள். தனியாரும் அரசும் கைகோத்த குடிநீர்த் திட்டங்களில் நாட்டிலேயே முன்னோடி என்று பேசப்பட்டது. உள்ளே வரும் தண்ணீருக்கு அவ்வளவு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். வெளியே போகும் தண்ணீருக்கு அப்படி உட்கார ஆள் இல்லை. லாபம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒற்றுமை தானாக வருகிறது. செலவு மட்டும் இருக்கும் இடத்தில் யாராவது பிடரியைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது.

தள்ளியவர்கள் விவசாயிகளும் நீதிமன்றமும். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், துளிக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வரும்படி பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும் அபராதம். மேல்முறையீட்டில் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்து, மூன்று மாத அவகாசம் தந்தது. இதற்கிடையே சேதத்தைக் கணக்கிட்ட ஆணையம் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்திருந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 8,700 ரூபாய்கூட வராது. பல வருஷம் நிலம் பாழானதற்கு.

பட்டறைக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. பல நூறு கோடி ரூபாய் புரண்டது. ஒவ்வொரு பொது நிலையமும் ஒரு கம்பெனி, அதன் பங்குதாரர்கள் அங்கே கழிவு அனுப்பும் பட்டறைக்காரர்கள். வங்கிக் கடன் வாங்கி ஆர்.ஓ. சவ்வுகளையும் ராட்சத ஆவியாக்கிகளையும் நிறுவினார்கள். ஆர்.ஓ. சொன்னபடி வேலை செய்தது. வந்த தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்குக்குமேல் நல்ல தண்ணீராகத் திரும்பியது. எஞ்சிய ரிஜெக்ட்டில்தான் விஷயம் மாட்டிக்கொண்டது. அதைக் கொதிக்கவைத்து உப்பாக்க வேண்டும். நீராவிக்கு விறகு, மெஷினுக்கு மின்சாரம். மின்வெட்டு தமிழ்நாட்டை ஆட்டிவைத்த வருஷங்கள் அவை. தண்ணீரின் கடினத்தன்மை குழாய்களுக்குள் பாறையாகப் படிந்தது. ஒருவழியாக உப்பு வந்தாலும் அது கறியுப்பும் கிளாபர் உப்பும் அழுக்கும் கலந்த ஒரு கலவை, எந்த மாஸ்டரும் தொடமாட்டார். ரிஜெக்ட் தேங்கியது. தேங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். இரவில் ஆற்றில் நுரை வந்தது.

2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பின்னும் மெஷின்கள் இருந்தன, தைக்கும் கைகள் இருந்தன, கலர் இல்லை. துணியை வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் ஏற்றி அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். தொழிலாளர்கள் பஸ் ஏறினார்கள். பக்கத்து மாவட்டங்களில் களத்துமேட்டு ஓரமாக அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன என்ற புகார் வந்தது. அதாவது உப்பு வேறு ஆற்றைத் தேடிப் போயிற்று.

அப்புறம் அருள்புரத்தில் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. பல்லடம் சாலையில் இருக்கும் அந்தப் பொது நிலையத்தில் சேர்ந்திருந்தவை சுமார் 15 பட்டறைகள். ஒரு நாளைக்கு 55 லட்சம் லிட்டர் கொள்ளளவு. தமிழக அரசும் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமும் கூட்டாக அமைத்த தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள், உப்பை எப்படி உலர்த்துவது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எதற்காக உலர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். நாமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 6 கிராம் உப்பு என்றால் 55 லட்சம் லிட்டரில் 33 டன். ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பிரித்தபின் ரிஜெக்ட் பத்து லட்சம் லிட்டர் என்று கொண்டால், 33 டன்னும் அதற்குள் அடங்கியிருக்கிறது. லிட்டருக்கு 33 கிராம். சாயம் போட மாஸ்டர் மெஷினில் கரைப்பது லிட்டருக்கு முப்பதிலிருந்து எண்பது கிராம். கொதிக்கவைத்து, உலர்த்தி, மூட்டை கட்டி, பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி தண்ணீரில் கரைப்பதற்காக அத்தனை விறகு எரிந்துகொண்டிருந்தது. நிறத்தையும் கடினத்தன்மையையும் எடுத்துவிட்டால் ரிஜெக்ட்டே தயார் உப்புக்கரைசல். போதாத உப்பை மேலே சேர்த்துக்கொள்ளலாம்.

யோசனை இவ்வளவுதான், காகிதத்தில் அரைப் பக்கம். பட்டறைக்குள் கொண்டுபோவதுதான் பாடு. சாய மாஸ்டரின் தயக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் கையில் பையர் ஒப்புதல் தந்த நிற மாதிரி, ஒரு லேப்-டிப் துண்டு, இருக்கிறது. வரும் துணி அந்தத் துண்டோடு விளக்கடியில் பொருந்தவில்லையென்றால் பையர் லாட்டைத் திருப்புவார், நஷ்டம் கூலிக்கு வேலை செய்த பட்டறையின் தலையில். கடையில் வாங்கிய வெள்ளை உப்பைப் போடும்போது அவருக்கு என்ன போடுகிறோம் என்று தெரியும். இந்தக் கரைசலில் இருப்பது நேற்று இன்னொருத்தன் பட்டறையில் ஓடிய உப்பு. அவன் என்ன சாயம் போட்டான், எவ்வளவு சோடா போட்டான், துவைக்க என்ன மருந்து ஊற்றினான்? இதெல்லாம் திருப்பூரில் ஒருவரும் அடுத்தவருக்குச் சொல்லாத சங்கதிகள். ரெசிப்பிதான் பட்டறையின் சொத்து.

ஒரே தொட்டியிலிருந்து எடுப்பதென்றால் ஒத்துப்போக வேண்டிய விஷயங்கள் வரிசையாக வந்தன. கறியுப்பும் கிளாபர் உப்பும் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. ஒரு நிலையத்தில் சேர்ந்தவர்கள் ஒரே உப்புக்கு வந்தாக வேண்டும். கிளாபர் உப்புக்கு ஒரு வசதி, குளிர்வித்தால் கரைசலிலிருந்து தானே படிகமாகப் பிரிந்துவிடும். எவ்வளவு தண்ணீர் அனுப்பலாம் என்று பட்டறைக்குப் பட்டறை லிட்டர் கணக்கு, வாசலில் மீட்டர். அளவை மீறி அனுப்பினால் மற்றவர்களின் பங்கு குறையும். நிலையம் தவறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொல்வது நிலையத்தை, அதாவது எல்லோரையும். இதுவரை அடுத்த பட்டறைக்காரர் இரவில் வால்வைத் திறந்தால் கண்டுகொள்ளாமல் போனவர், இப்போது எழுந்து போய்ப் பார்க்க வேண்டியவரானார். அரசு ஆய்வாளர் ஆயிரம் தடவை வந்தாலும் கிடைக்காத கண்காணிப்பு அது. கூட்டுக் குடும்பத்துச் சமையலறை மாதிரி, யார் எவ்வளவு எண்ணெய் ஊற்றினார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

மேலாண்மைப் புத்தகங்கள் இதைக் கூட்டு வியூகம் என்று எழுதும். சிக்கலான தொழில் பிரச்சினையைச் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் உட்கார்ந்து தீர்ப்பது. அருள்புரத்தையும் அப்படிச் சொல்லலாம், பொய்யில்லை. பொறியாளர்கள், பட்டறை முதலாளிகள், மாஸ்டர்கள், வாரிய அதிகாரிகள் என்று மேஜையைச் சுற்றி ஆள் இருந்தது. 2011-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. வாரியத்தின் கண்காணிப்பில் வெள்ளோட்டம் நடந்தது. பழைய உப்பில் போட்ட ஷேடு தேறியது. ஒவ்வொரு நிலையமாகத் திறக்க அனுமதி வந்தது. ஆனால் பட்டறைகள் மூடிக் கிடக்காமல் இருந்திருந்தால் ஒரு மாஸ்டர்கூட அந்தக் கரைசலைத் தன் மெஷினில் ஏற்றியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். வாரம் முழுக்க லாட் ஓடுகிற நாளில் பரிசோதனைக்கு மெஷின் யார் தருவார்கள்? மூடியதால் எல்லோருடைய மெஷினும் ஒரே நேரத்தில் காலியாக இருந்தது. எல்லோருடைய செலவும் ஒரே நேரத்தில் ஏறியது. எனக்கு நஷ்டம், அவனுக்கு லாபம் என்ற கணக்குக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஒத்துழைப்பு என்று நாம் மெச்சும் பல காரியங்களுக்கு இப்படி ஒரு சமமான முடக்கம் முன்னால் இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பயிலரங்குகளில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

மேஜையில் இல்லாதவர்கள் என்று பார்த்தால் இரண்டு பேர். ஒருவர் ஷேடைத் தீர்மானிக்கும் பையர். தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவில் எவ்வளவை அவர் விலையில் ஏற்றுக்கொண்டார் என்று கேட்டால் பட்டறைக்காரர் சிரிப்பார். மற்றவர் ஒரத்துப்பாளையத்து விவசாயி. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் நீதிமன்றம் வழியாக வந்தார். உப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பது பற்றி அந்த வட்டாரத்திலேயே துல்லியமான தகவல் அவருடைய கிணற்றில்தான் இருந்தது. தொண்ணூறுகளிலேயே அவரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால், நிறத்தை எடுக்கும் நிலையங்களுக்குச் செலவான பணம் மிஞ்சியிருக்கும்.

இன்று திருப்பூரில் 18 பொது நிலையங்கள் ஓடுகின்றன. நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்பது ஏற்றுமதியாளர் தரப்பு சொல்லும் கணக்கு. வெளிநாட்டுக் கண்காட்சிகளில் ஊரின் விளம்பர வாசகமே அதுதான். திருட்டுக் கழிவு பற்றிய செய்தி இன்னும் அவ்வப்போது வருகிறது, மழைக் காலத்தில் கூடுதலாக. நிலத்தில் ஏற்கெனவே இறங்கிய உப்பை எடுக்க எந்த மெஷினும் இல்லை. மழைதான் கழுவ வேண்டும்.

சுற்றில் திரும்பத் திரும்ப ஓடும் உப்பிலும் ஒரு பங்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒதுங்குகிறது. கிளாபர் உப்பைப் படிகமாக எடுத்தபின் மிஞ்சும் கசட்டை ஆவியாக்கினால் கிடைப்பது பழைய கலவை உப்புதான். இரண்டு உப்பும் ஏதேதோ மிச்சங்களும் சேர்ந்தது. மாஸ்டர் வாங்கமாட்டார். மண்ணில் புதைத்தால் முதல் மழையில் கரைந்துவிடும். அதனால் மூட்டை கட்டி, கூரை போட்ட ஷெட்டுகளில் அடுக்குகிறார்கள். ஷெட் நிறைந்தால் இன்னொரு ஷெட். அந்த மூட்டைகளை யார் எடுத்துக்கொள்வது, என்ன விலைக்கு, என்ன பொறுப்போடு என்ற பேச்சு நிலையங்களுக்கும் வாரியத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை நீதிமன்றம் வரும்வரை காத்திருப்பார்களா என்பது தெரியவில்லை.